பில் எழுதிக் கொடுத்தவன்

ஜூன் 1, 2025, ஞாயிறு

எழுத்து நோட்டுக் கோட்டிலிருந்து இறங்கி ஓடுகிறது, பொறுத்துக்கொள்ள வேண்டும். யாரிடம் கேட்கிறேன்? இதைப் படிக்கப் போகிறவனும் நான்தான். எழுபத்திரண்டு வயதில் கோவில் மண்டப வகுப்பில் பழகிய கை. வடை தட்டிய விரலுக்குள் பேனா நிற்பதில்லை.

ஃபெரிப் படகுத்துறைக்குப் போகும் வழியில் இருக்கும் என் வடைக்கடைக்கு நிரோஷா என்ற பிள்ளை வந்தது. அக்கரையில், பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலை ஆபீஸில் வேலை. ஆபீஸ் விருந்துக்கு வடை வாங்கிவிட்டு பில் கேட்டது. நானே எழுதினேன். கீழே கார்த்திகேசு என்று கையெழுத்து. இத்தனை காலம் கட்டைவிரலை உருட்டிய இடத்தில் என் பெயர்.

ஜூன் 8

கேட்காதவர்களுக்கும் பில் கொடுக்கிறேன். பக்கத்துத் தோசைக்கடை குமுதா சிரிக்கிறாள். "பெரியப்பா, ரெண்டு வடைக்கு ஒரு பில்லா? வடை ஆறிப்போகுதுலா."

ஜூன் 24

வரி இலாகாவிலிருந்து அருணன் என்ற தம்பி வந்தார். நிரோஷாவின் கம்பெனிக் கணக்கைப் பார்த்தபோது என் பில் கிடைத்ததாம். "கையெழுத்து நல்லா இருக்கு ஐயா" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

மற்றக் கடைகளிலும் பில் உண்டா என்று கேட்டார்.

"அவங்களுக்கு எங்க தம்பி நேரம்? குமுதா கடையப் பாருங்க, என்னைவிட மூணு மடங்கு கூட்டம்."

பெருமையாகத்தான் சொன்னேன். குறித்துக்கொண்டார். என் வருமானம் வரிக்கு எட்டாதாம். கொஞ்சம் ஏமாற்றம்.

ஆகஸ்ட் 19

குமுதாவிடம் கணக்கு எதுவும் இல்லை. அதனால் இலாகாவே அவள் வருமானத்துக்கு ஒரு மதிப்புப் போட்டு, பழைய வருடங்களுக்கும் சேர்த்து வரியும் அபராதமும் கேட்டிருக்கிறது. யார் வாயால் வந்தது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"வரி கட்டினாத்தானே கவர்மெண்ட் கிளினிக்ல மருந்து..." என்று ஆரம்பித்தேன். ஏன் அதைப் போய்ச் சொன்னேன்?

"பெரிய பெக்டரிக்காரன்கிட்ட கணக்கு எழுத ஒரு மாடி நெறய ஆளு இருக்கு. என்கிட்ட தோசைக்கல்லுதான் இருக்கு பெரியப்பா."

செப்டம்பர் 2

இலாகாவுக்குப் போனேன். "நான் சும்மா சொன்னேன் தம்பி. அவ்வளவு கூட்டம் இல்ல."

அருணன் மேசையைப் பார்த்தபடி பேசினார். "கணக்கு இருந்தா காட்டச் சொல்லுங்க ஐயா, குறைக்கலாம். பெரிய எடத்துக்குப் போனா பேப்பரெல்லாம் சுத்தமா இருக்கும், ஒண்ணும் தேறாது. வசூல் எங்கன்னு மேல கேக்குறாங்க. நான் எங்க போறது?"

நல்ல பிள்ளைதான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

செப்டம்பர் 3

யாருக்கும் பில் எழுதவில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

குமுதா தோசைக்கல்லை விற்றுவிட்டாள். பிறையில் ஒரு தொழிற்சாலை கேண்டீனில் பாத்திரம் கழுவுகிறாள். சம்பளத்தில் பாதி பழைய வரிக்கே போகிறது. தினமும் என் கடையைத் தாண்டித்தான் ஃபெரிக்கு நடப்பாள், திரும்பிப் பார்க்க மாட்டாள்.

நேற்று நின்றாள். இரண்டு வடை வாங்கினாள். பழக்கத்தில் என் கை பேனாவைத் தேடிவிட்டது.

"பில்லு வேணாம் பெரியப்பா."

சிரிக்கவில்லை.

அடுத்த ஞாயிறும் இந்த நோட்டில் எழுதுவேன். வேறு யாருக்கு எழுதிக் கொடுப்பது?