கம்பியா தகடா

புதன், பெப்ரவரி 15, 2006

விடியவே மழை, விழுந்தவுடன் ஐஸ். பஸ் தரிப்பிடத்தில் வழுக்கி விழுந்தேன். இடது கால் உடம்புக்குக் கீழே முறுகிப் போனது. சத்தம் எனக்கே கேட்டது.

இப்போது ஆஸ்பத்திரி. ஜன்னலோரக் கட்டில். கணைக்கால் எலும்பு, கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே, சுற்றி உடைந்திருக்கிறதாம். தற்காலிகக் கட்டு. ஒப்பரேசன் வேண்டும் என்கிறார்கள், எப்போது என்று சொல்லவில்லை. இரவு பன்னிரண்டுக்குப் பிறகு தண்ணீரும் கூடாது.

அண்ணி கொண்டுவர வேண்டியவை: கண்ணாடி, செபமாலை, இரவில் போடும் நீலச் சோட்டி, போன் சார்ஜர், நல்ல கம்பளிக் காலுறை ஒன்று. மற்றக் காலுக்குத் தேவையில்லை.

நான் வேலை செய்யும் கார்டெரிக்கு, குழந்தைகள் காப்பகத்துக்கு, சொல்லியாயிற்று. மூலையில் தனியே நின்று அழுகிற அந்தச் சின்னவனுக்கு இன்று யார் சப்பாத்து மாட்டினார்களோ. வேறு யாரிடமும் கால் நீட்ட மாட்டான்.

வியாழன் 16

பகல் முழுவதும் பட்டினி. பின்னேரம் நான்கு மணிக்கு வந்து, இன்றைக்கு இல்லையாம், அவசரக் கேஸ் வந்துவிட்டதாம். ஆறிய சூப், இரண்டு பிஸ்கட். எரிச்சல்.

மத்தியானம் சத்திரசிகிச்சை டொக்டர் வந்தார். நெட்டையான மனிதர், தலைமுடி முழுக்க நரை. அல்போன்ஸ் அண்ணை வேலையிலிருந்து நேரே வந்து நின்றார். அண்ணைக்கு நல்ல பிரெஞ்சு, இருபது வருடப் பிரெஞ்சு. எனக்கிருப்பது கார்டெரிப் பிரெஞ்சு. மூக்கைத் துடை, கையைக் கழுவு, கடிக்காதே.

டொக்டர் அண்ணையின் முகத்தைப் பார்த்தே பேசினார். கட்டிலில் கிடப்பது யாருடைய கால் என்பது இரண்டு பேருக்கும் மறந்துபோயிற்று. நீளமாகப் பேசினார். போர்வைக்கு மேலால் என் முழங்காலைத் தொட்டும் காட்டினார். பேச்சில் மூன்று தரம் "ஜெனூ" வந்தது. ஜெனூ என்றால் முழங்கால். உடம்பின் பாகங்கள் எல்லாம் எனக்கு அத்துப்படி, தினமும் பிள்ளைகளுக்குத் தொட்டுக் காட்டிச் சொல்லிக் கொடுக்கிறேன்.

அண்ணை மொழிபெயர்த்தது: "கம்பி வைப்பினம். கெதியா நடக்கலாம். ஒண்டுக்கும் யோசியாதை."

அதில் முழங்கால் எங்கே?

பேசத் தொடங்கும்போது டொக்டர் ஒரேயொரு தரம் என்னைப் பார்த்து ஏதோ கேட்டிருந்தார். நான் வாய் திறப்பதற்குள் அண்ணை பதில் சொல்லிவிட்டார். என்ன கேட்டவர் என்றேன். என்ன வேலை என்று கேட்டவராம். ரீச்சர் என்று சொன்னவராம்.

வெள்ளி 17

திரும்பவும் பட்டினி, திரும்பவும் இல்லை. வெளியே வெயில், ஆனால் கடுங்குளிராம். பக்கத்துக் கட்டில் கிழவி முழு நாளும் ஹொக்கி பார்க்கிறாள்.

ரீச்சர். யாழ்ப்பாணத்தில் கன்னியர் மடப் பள்ளிக்கூடத்தில் ஒன்பது வருடம் ரீச்சர். இங்கே வந்ததிலிருந்து இரண்டு வயதுக்காரரின் கார்டெரி. ஆனால் கோயில் பங்கில் இன்றைக்கும் நான் ரீச்சர். கல்யாணக் கார்டில் ரீச்சர். பாரிஸில் இருக்கும் சித்தப்பாவுக்கும் ரீச்சர். இதையெல்லாம் வளர்த்து வைத்திருப்பது அண்ணை. தங்கச்சி பிள்ளைகளின் காலடியில் இருக்கிறாள் என்று சொல்ல அவருக்கு வாய் வராது. ஊர்ச் சனத்திடம் சொல்லட்டும், போகட்டும் என்று விட்டிருந்தேன். டொக்டரிடமுமா?

என் வேலை முழுக்க முழங்காலில். குளிர்காலத்தில் ஒரு பிள்ளையை வெளியே கொண்டுபோக: பனிக்காற்சட்டை, கோட், கழுத்துத் துண்டு, தொப்பி, கையுறை, சப்பாத்து. எல்லோரையும் மாட்டி முடிக்க, முதலாவது ஆள் சிறுநீர் என்பான். எல்லாம் கழற்ற வேண்டும். மேசைக்குக் கீழே சிந்திய பால். அலுமாரிக்கு அடியில் போன பந்து. அழுகிற பிள்ளையோடு நின்றுகொண்டு கதைக்கவே கூடாது, அதன் முகத்துக்கு நேரே இறங்க வேண்டும். கார்டெரியில் முதல் நாள் எனக்குச் சொல்லித் தந்ததே அதுதான்.

பின்னேரம் அண்ணையும் அண்ணியும் வந்தார்கள். முழங்காலைப் பற்றி டொக்டர் என்ன சொன்னவர் என்று நேரே கேட்டேன். அண்ணை அண்ணியைப் பார்த்தார். அண்ணி பூச்சாடியைப் பார்த்தாள். பிறகுதான் வந்தது. கம்பியை முழங்காலடியில் வெட்டித்தான் உள்ளே இறக்குவார்களாம். பிறகு சில பேருக்கு முழங்காலில் நிற்க நோகுமாம். சிலருக்கு அது போகவே போகாதாம்.

"அதை ஏன் எனக்குச் சொல்லேல்லை, அண்ணை?"

"வருத்தக்காரருக்கு எல்லாத்தையும் சொல்லுறேல்லை. நீ பயந்து போவாய்."

நான் என்ன, சாகக் கிடக்கிறேனா? கால்தான் முறிந்தது. காது கேட்கிறது, மூளையும் வேலை செய்கிறது. வெளியே கோப்பி மெஷினடியில் நின்று அண்ணையும் அண்ணியுமாக என் காலுக்கு முடிவு கட்டியிருக்கிறார்கள். தகடு வைக்கிற வழியும் ஒன்று இருக்கிறதாம். அதையும் சொல்லவில்லை.

அண்ணி ஆறுதல் சொல்கிறாளாம். தவக்காலம் வருகிறது, சிலுவைப்பாதைச் செபத்தில் முழங்காலில் நிற்காமல் கதிரையில் இருந்தால் ஆண்டவர் கோபிக்க மாட்டார் என்றாள். அவள் நினைத்த முழங்கால் அது.

இரண்டு பேரையும் போகச் சொன்னேன். அப்பம் கொண்டுவந்திருந்தாள். அதையும் திருப்பிக் கொடுத்தேன். இப்போது பசிக்கிறது.

சனி 18

கொடுங்குளிர். ஜன்னலின் உட்பக்கமும் உறைந்திருக்கிறது.

காலையில் டொக்டரை நானே மறித்தேன். மெதுவாகச் சொல்லுங்கள், என்னிடம் சொல்லுங்கள் என்று என் கார்டெரிப் பிரெஞ்சில். மனிதர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சாப்பாட்டுத் தட்டிலிருந்த தாளைத் திருப்பி எலும்பு வரைந்தார். அண்ணை இல்லாதபோது நல்ல மனிதர்தான்.

விளங்கியது:

மாவுக்கட்டு மட்டும் — வெட்டில்லை. ஆனால் எலும்பு விலகியிருப்பதால் கோணலாகப் பொருந்தலாம். தொடை வரை கட்டு, மாதக்கணக்கில். அவருக்கு விருப்பமில்லை. எனக்கும்.

கம்பி — முழங்காலடியில் சின்ன வெட்டு, எலும்பின் உள்ளே நீளத்துக்கு இறக்கி மேலும் கீழும் திருகாணி. பலம். சில கிழமைகளில் ஊன்றலாம். ஆனால் முழங்கால். எல்லோருக்கும் நோவதில்லை. யாருக்கு நோகும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாதாம்.

தகடு — முறிந்த இடத்துக்குப் பக்கத்தால் எலும்பின் மேல் தகடும் திருகாணிகளும். முழங்காலைத் தொடுவதில்லை. ஆனால் அங்கே தோல் மெல்லியது, காயம் ஆறச் சுணங்கலாம், கிருமி பிடிக்கலாம். எலும்பு பொருந்தும்வரை ஊன்றக் கூடாது. மூன்று மாதம் என்று வைத்துக்கொள்ளச் சொன்னார்.

என் முறிவுக்கு இரண்டும் சரியாம். ஆசிரியை என்றபடியால்தான் கம்பி என்றாராம், வகுப்பில் கெதியாகப் போய் நிற்கலாமே என்று. நான் முழங்காலில் நின்று வேலை செய்பவள் என்றேன். பிள்ளைகளுக்குச் சப்பாத்து மாட்டுபவள். சைகையிலும் காட்டினேன். அப்படியென்றால் யோசியுங்கள், திங்களன்று முதல் ஆள் நீங்கள்தான் என்றார்.

ரீச்சர் என்ற அந்த ஒரு சொல் அண்ணையின் வாயில் வராதிருந்தால் எனக்கு எவ்வளவு நல்லது.

ஞாயிறு 19

யோசித்தேன். நித்திரை இல்லை.

தகடு என்றால் மூன்று மாதம் ஊன்றாமல், அண்ணை வீட்டில். கார்ட்டியர்வில்லில் இரண்டாம் மாடி, வெளியே வளைந்த இரும்புப் படி, அதிலும் ஐஸ். ஒவ்வொரு படியிலும் குந்திக் குந்தித்தான் ஏற வேண்டும். குளிக்க அண்ணி. கழிவறைக்கு அண்ணி. வந்து பார்க்கிற ஒவ்வொரு ஆளுக்கும் அண்ணை ரீச்சரைப் பற்றிச் சொல்வதைக் கேட்டுக்கொண்டு கிடக்க வேண்டும். யார் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லையோ அவர்கள் கையால்தான் சாப்பாடு.

கம்பி என்றால் சித்திரைக்குள் என் காலில் நான். பிறகு நொந்தால்? நாற்பத்தெட்டு வயதில் குனிய முடியாதவளை எந்தக் கார்டெரி வைத்திருக்கும்? அப்போதும் அண்ணை வீடுதான், ஆயுளுக்கும்.

பூசை முடிந்து அவர்கள் வந்தார்கள். தகடு என்றேன். அண்ணைக்கு முகம் கறுத்துவிட்டது. பெரிய டொக்டர் சொன்னதை விட்டு நீ என்ன கண்டாய் என்றார். பெரிய டொக்டருக்கு நீங்கள் பொய் சொன்னீர்கள் என்றேன்.

"பொய்யோ? நீ ரீச்சர் இல்லையோ?"

"நான் முழங்காலிலை நிண்டு உழைக்கிறவள், அண்ணை. அதைச் சொல்ல உங்களுக்கு வெக்கம். எனக்கில்லை. வெக்கப்படுறது நீங்கள், நோகப்போறது எனக்கு."

பக்கத்துக் கிழவி ஹொக்கியை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். அண்ணி அழுதாள். அண்ணை கோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கையுறையை மறந்துவிட்டார். இந்தக் குளிரில் கையுறை இல்லாமல். எனக்கென்ன.

அண்ணி மட்டும் கொஞ்சம் பின்தங்கி, மூன்று மாதம்தானே, பார்த்துக்கொள்ளலாம் என்றாள். இன்றும் அப்பம் கொண்டுவந்திருந்தாள். அப்பத்தை வாங்கி வைத்தேன்.

திங்கள் 20

பனி கொட்டுகிறது. ஆறு மணிக்கே எழுப்பிக் காலைக் கழுவினார்கள். சம்மதத் தாளில் நானே கையெழுத்து. தகடு. டொக்டர் பேனையால் என் காலில் கோடு போட்டார், முழங்காலுக்கு வெகு கீழே.

அண்ணை வந்திருக்கிறார். உள்ளே வரவில்லை. நடையில் நின்று போன் கதைக்கிறார். அவர் போனில் பாரிஸுக்குக் கதைத்தால் பாரிஸுக்கே நேரடியாகக் கேட்கும். சித்தப்பாவோடு. ஓம், இண்டைக்குத்தான். இல்லை, கம்பி இல்லை, தகடு. ஏனென்று அங்கிருந்து கேட்டிருக்க வேண்டும்.

"அவள் கார்டெரியிலை எல்லோ, சித்தப்பா. சின்னப் பிள்ளையளுக்குச் சப்பாத்து மாட்டி விடுறவள். நாள் முழுக்க முழங்காலிலைதான்."

இத்தனை வருடத்துக்குப் பிறகு. அதுவும் அண்ணியை அழ வைத்து, இவ்வளவு சண்டை பிடித்த பிறகு. கோபம் போகவில்லை. மூன்று மாதத்துக்கும் போதுமான கோபம் கைவசம் இருக்கிறது.

கையுறையை அவரிடம் கொடுக்கும்படி தாதியிடம் கொடுத்தேன். தள்ளுகட்டில் வந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றச் சொல்கிறார்கள்.