வெளுத்துப்போன வில்லைகள்

மாதா துணை.

அம்மாவுக்கு அனேலெ எழுதுவது. முழங்கால் வலி தணிந்ததா? ரீகாவில் நான் சுகம்.

நேற்று, நான் வேலைக்குச் சேர்ந்த ஆய்வுக்கூடத்தில், கதிர்வீச்சில் பழுப்பேறிய மின்காப்புப் பீங்கான் வில்லைகளை, அழுக்கென்று நினைத்து, ஒரு தட்டு நிறையக் கழுவி, சூளையில் காயவைத்தேன். வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டன. பெருமையாக நீட்டினேன்.

ஆய்வாளர் ஸ்கைத்ரீதே தலையில் கைவைத்தார். "அடிப்பாவி! அந்தப் பழுப்புதான் கதிர் செஞ்ச சேதம். அதுல ஒளியப் பாய்ச்சித்தானே அளக்கணும்? சூடு பட்டா மறைஞ்சிடுமே!"

வேலை போயிற்றென்றே நினைத்து மாதாவை வேண்டினேன்.

"சரி, இன்னொரு தட்டு மிஞ்சியிருக்கு. நாளைக்கும் வா. ஆனா அழுக்குன்னு எதையும் தேய்க்காதே, மகராசி!" என்றார்.

குளிர் தொடங்கிவிட்டது. காலுறை பின்ன என் சாம்பல்நிறக் கம்பளிநூலை அனுப்புங்கள். பூனைமுடி ஒட்டியிருந்தால் எடுக்கவேண்டாம், அப்படியே இருக்கட்டும்.

டிராம் வந்துவிட்டது.

அனேலெ