நான் தாண்டிப்போன சங்கீதம்

என் கண்ணான மகளுக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் தயவில் நானும் அம்மாவும் சுகம், நீயும் மாப்பிள்ளையும் சுகமாயிருக்க வேண்டுமென்று தினமும் கண் விழித்ததும் கேட்டுக்கொள்கிறேன். அம்மாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது, வாய்தான் குறையவில்லை. சலவைக்கூடத்தில் எனக்கு இப்போது பகல் வேலை. ஆஸ்பத்திரி விரிப்புகள் ஆவியோடு வெள்ளை வெள்ளையாக வரும்போது இயந்திரத்தின் ரீங்காரத்தில் ஏதோ ஒரு சங்கீதத்தின் ராகம் கேட்கிறது, எது என்று பிடிபடுவதற்குள் விரிப்பு மடிந்துவிடுகிறது. வயதானால் பகலிலும் கனவு வரும் போல.

விஷயத்துக்கு வருகிறேன். நம் சபையில் வாத்தியம் கிடையாது, மனிதர் கட்டிய பாட்டும் கிடையாது, வேதத்திலுள்ள நூற்றைம்பது சங்கீதங்களையும் வாரம் ஒன்றாக வரிசையில் பாடுவோம், ஒன்றையும் விடக் கூடாது என்பது உனக்குத் தெரியாததல்ல. முதல் வரியை எடுத்துக் கொடுப்பவன் நான். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் எண்பத்தெட்டு வரும்போது தாள் ஒட்டிக்கொண்டது போலச் சேர்த்துப் புரட்டி எண்பத்தொன்பதை எடுத்துவிடுவேன். கடைசி வரி வரைக்கும் இருட்டாகவே இருக்கிற பாட்டை ஜனங்கள் வாயில் எப்படிக் கொடுப்பது என்று பயம். உன் குழந்தையை அடக்கம் செய்த அன்று நீ அதைத்தான் கேட்டாய், இன்னிக்கு வேற எதுவும் எனக்கு வாயில வராதுப்பா என்றாய். நானோ துதிச் சங்கீதம் ஒன்றை எடுத்தேன், ஆறுதல் என்று நினைத்தேன். நீ உதட்டைத் திறக்கவேயில்லை. அடுத்த மாதமே தூரதேசம் போய்விட்டாய், இன்றுவரை எந்த ஆராதனையிலும் பாடுவதில்லை என்று மாப்பிள்ளை சொன்னார்.

போன ஞாயிறு அது மறுபடி முறைக்கு வந்தது. வெயில் ஜன்னல் வழியே தூங்கி வழிந்துகொண்டிருந்தது. சேர்த்துப் புரட்டக் கை போயிற்று, பாதியில் நின்றுவிட்டது. எண்ணைச் சொன்னேன், சபையே நிமிர்ந்து பார்த்தது. பதற்றத்தில் சுருதியை உச்சத்தில் பிடித்துவிட்டேன், மூன்றாம் வரியில் குரல் எட்டாமல் நின்றுபோனேன். அப்போது போன வருடம் மனைவியை இழந்த கடிகார ரிப்பேர்க்காரர் பின்வரிசையிலிருந்து அடிக்குரலில் அதே வரியைப் பிடித்தார். பிறகு ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள். யாரும் புத்தகத்தைப் பார்க்கவில்லை, கண்ணு. எல்லோருக்கும் மனப்பாடம். நான் கொடுக்காததை அவரவர் வீட்டில் தனியாகப் பாடியிருக்கிறார்கள். முடிந்த பிறகும் யாரும் உட்காரவில்லை, தண்ணீருக்கடியில் நிற்பது போல அப்படியே நின்றோம். வீட்டுக்கு வரும் வழியில் அம்மா, இத அன்னிக்கே பாடியிருக்கலாமில்ல என்றாள்.

வேதத்தின்படி பாடுகிறோம் என்று மார்தட்டுகிற நான், தேவனே சேர்த்து வைத்த அழுகையைத் தள்ளிவிட்டேன், அதுவும் உன்னிடமிருந்து. என்னை மன்னித்துவிடு, கண்ணு.

ஈரத்தலையோடு வெளியே போகாதே, உனக்குச் சளி சட்டென்று பிடிக்கும். கர்த்தர் உங்கள் இருவர் மேலும் நிழலாயிருப்பாராக. வரிசைப்படி அந்தச் சங்கீதம் வர இன்னும் ஏறக்குறைய மூன்று வருடம் ஆகும். நீ ஊருக்கு வருகிற ஞாயிறு எந்த எண்ணின் முறையாக இருந்தாலும் சரி, நான் அதைத்தான் எடுப்பேன். நீ பாட வேண்டாம், பக்கத்தில் நின்றால் போதும்.

இப்படிக்கு,
உன் அப்பா