கயிற்றின் மேல்முனைக்கு

என் கயிற்றைப் பிடித்திருந்த மச்சான் லாசருக்கு,

சுகமா என்று எழுதிவிட்டுத்தான் யாருக்கு எழுதுகிறோம் என்று யோசித்தேன். பழக்கதோஷம். அடித்துத் திருத்த மனசு வரவில்லை, அப்படியே கிடக்கட்டும்.

நேற்று கல்லறைத் திருநாள். உன் அக்காள் ரோசம்மா விடியும் முன்பே பூவும் மெழுகுவர்த்தியுமாகக் கிளம்பிவிட்டாள். கடல்காற்றில் திரி நின்றால்தானே? அவள் முந்தானையால் மறைக்க, நான் துண்டால் மறைக்க, அது அணைவதும் நாங்கள் கொளுத்துவதுமாக ஒரு தீப்பெட்டி காலியாயிற்று. "இருக்கும்போதும் இவன் ஒரு சொல்லுக்கு அடங்குனவனா?" என்றாள். உதட்டைப் பார்த்துப் படித்தேன். சிரித்துக்கொண்டே சொன்னாள், பிறகு அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

உனக்கு ஒரு சேதி இருக்கிறது. அரிசி திரும்ப வந்துவிட்டது. ஆமாம் மச்சான், கடலில் மூழ்கிச் சங்கெடுத்துக் காது போன நம் குளியாட்களுக்கு நிறுத்திவைத்த அந்த அரிசிதான். சந்தோஷமான சேதி என்று நீ நினைப்பாய். அது வந்த விதத்தைச் சொன்னால் நினைக்க மாட்டாய்.

இந்தக் கடிதத்தைப் பத்திரிகையில் போடுகிறோம் என்று வாசகசாலைப் பையன்கள் கேட்டிருக்கிறார்கள். போடட்டும். நாலு பேர் படிக்கத்தான் வேண்டும். அதனால் உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொல்கிறேன் என்று சலித்துக்கொள்ளாதே.

முத்துக்குளிப்பு நின்று வெகுகாலம் ஆயிற்று. நமக்குச் சோறு போட்டது சங்குதான். சங்கு சோறு போட்டது, காதைத் தின்றது. ஆழத்தில் தண்ணீர் காதை அமுக்கும். ஒரு நாள் உள்ளே ஏதோ கிழியும், மூக்கிலும் காதிலும் ரத்தம் வரும், பிறகு கோயில் மணியும் கேட்காது. எனக்கு அப்படித்தான் ஆயிற்று. என்னைப் போல இந்தக் கரையில் இன்னும் சிலர் உண்டு. கப்பலுக்கும் தோணிக்கும் நடுவில் சிக்கிக் கால் நசுங்கியவர்கள் உண்டு. உப்பளத்து வெள்ளை வெயிலைப் பார்த்துப் பார்த்துக் கண் அவிந்த செல்லக்கனி போன்றவர்கள் உண்டு.

யுத்தகாலத்தில் அரிசிக்கு அடிதடி நடந்ததே, அப்போது ஒரு நிவாரணக் கமிட்டி வைத்து எங்களுக்கு வாராவாரம் துறைமுகத்துச் சரக்குக் கிட்டங்கியில் அரிசி அளந்தார்கள். ஊர்க்காரர்கள் அதற்கு 'நொண்டி அரிசி' என்று பேர் வைத்தார்கள். பேரா முக்கியம்? அடுப்பு எரிந்தது. யுத்தம் முடிந்ததும் கமிட்டிக்குக் கை சுருங்கிவிட்டது. கால் இல்லாதவனுக்கு முழு அரிசி, கண் தெரியாதவளுக்குப் பாதி, காது கேளாதவனுக்கு ஒன்றும் இல்லை என்றார்கள். காது போனது வெளியே தெரியாதாம், எவன் வேண்டுமானாலும் செவிடன் என்று வந்து நிற்பானாம். அடப் பாவிகளா! செவிடனாக நடிப்பது அத்தனை சுகமென்றால் ஒரு நாள் நடித்துப் பார்க்க வேண்டியதுதானே?

நம் ஊர்ச் சட்டசபை மெம்பரைப் பார்த்து முறையிடலாம் என்று கிளப்பிவிட்டவள் செல்லக்கனி. பேச நான், கேட்க நீ என்று முடிவாயிற்று.

அந்தக் கயிற்றைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். கடலில் இறங்குகிறவனின் கயிற்றை அவன் பெண்டாட்டியோடு பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும் என்பது நம் கரை வழக்கம். சொந்த அண்ணன் தம்பி பிடித்தால் சொத்து ஞாபகம் வந்து கை தளர்ந்தாலும் தளரும், மச்சினன் பிடித்தால் அக்காள் தாலி ஞாபகம் வந்து கை இறுகும் என்பார்கள். கீழே இருப்பவன் இழுத்தால் 'தூக்கு' என்று அர்த்தம். மேலே இருப்பவன் சும்மா இழுக்கவே கூடாது. அவன் வெடுக்கென்று இழுத்தால் ஆபத்து, எல்லாவற்றையும் போட்டுவிட்டு மேலே பார் என்று அர்த்தம்.

நீ ஒரே ஒரு முறை அப்படி இழுத்தாய். பக்கத்துத் தோணியில் எவனோ சுறா என்று கத்தினானாம். கத்தியது காதில் விழுந்ததும் உன் கை இழுத்துவிட்டது. நான் அண்ணாந்து பார்த்ததும் என்னைத் தாண்டி ஒரு நிழல் போனது. என் இரண்டு காலும் இன்றைக்கு எனக்கு இருப்பது அந்த இழுப்பால்தான். "ஒனக்குக் காதுக்கும் கைக்கும் நடுவுல மூளையே கிடையாதாலே?" என்று தோணியில் வைத்து உன்னைக் கேலி பண்ணினேன். நீ வெட்கப்பட்டுச் சிரித்தாய்.

காது போன பிறகு தரையிலும் அதே கயிறு நமக்கு உதவியது. நான் பேசினால் கத்துகிறேன் என்று எனக்கே தெரியாது. சந்தையில், கோயிலில், கல்யாண வீட்டில் என் மணிக்கட்டில் ஒரு முனை, உன் கையில் மறுமுனை. மெல்ல ஒரு இழுப்பு என்றால் சத்தத்தைக் குறை. இரண்டு என்றால் நிறுத்து, எதிராளி பேசுகிறார். ஊரே சிரித்தது, நாம் கவலைப்பட்டோமா?

மெம்பர் வீட்டுக்குப் புறப்பட்ட அன்று உன் அக்காள்தான் தடுத்தாள். "பெரிய மனுசர் வீட்டுக்கு மாட்டைப் பிடிச்சுட்டுப் போற மாதிரி போவியளாக்கும்?" என்று சொல்லி, கயிறு தெரியாதபடி என் துண்டை மேலே போர்த்திவிட்டாள். மரியாதைக்காகச் செய்தது. அது இப்படி முடியும் என்று அவள் கண்டாளா?

மெம்பர் நல்ல மனுஷர்தான், நாற்காலி போடச் சொன்னார். நான் முன்னால் உட்கார்ந்தேன். நீ என் முதுகுக்குப் பின்னால் நின்றாய். நான் பேசினேன். "ஐயா, நாங்க பிச்சைக்கு வரலை. கடலுக்குக் குடுத்துட்டு வந்திருக்கோம்" என்றேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். கமிட்டி ஆபீசர் ஒருவர் அந்த அறையில் உலாத்திக்கொண்டிருந்ததை நான் கண்டுகொள்ளவில்லை. திடீரென்று என் மணிக்கட்டில் வெடுக்கென்று ஒரு இழுப்பு. சுறா இழுப்பு! பேச்சைப் போட்டுவிட்டு உன் பக்கம் திரும்பினேன்.

திரும்பினால் உனக்குப் பக்கத்தில் அந்த ஆபீசர், கையில் வெண்கல மணி. என் முதுகுக்குப் பின்னால் அடித்துப் பார்த்திருக்கிறார். செவிடன் திரும்பிவிட்டான். அவர் மெம்பரைப் பார்த்துச் சிரித்த சிரிப்புக்கு எனக்கு உதடு படிக்க வேண்டியிருக்கவில்லை.

மீதியெல்லாம் அன்று சாயங்காலம் நீ எனக்கு வாயைப் பெரிதாக்கிச் சொன்னது. "நான் இழுத்தேன் ஐயா, மணிச் சத்தத்துல என் கை இழுத்துட்டு ஐயா" என்று நீ கதறினாயாம். துண்டை விலக்கிக் கயிற்றைக் காட்டினாயாம். காட்டியதுதான் வினையாகப் போயிற்று. மறைத்து வைத்த கயிறு! "ஓகோ, பொம்மலாட்டம் வேறயா?" என்றாராம் ஆபீசர். மெம்பர் "பார்ப்போம்" என்று எழுந்துவிட்டார். ஒரே வாரத்தில் கரை முழுக்கப் பேச்சு, சவரிமுத்துவும் லாசரும் கயிறு கட்டி ஏமாற்றினார்கள் என்று. நம்மால் மற்ற செவிட்டு ஆட்களுக்கும் கதவு அடைந்தது.

உன்னிடம் எத்தனை தடவை சொன்னேன்! "ஏலே, அந்தக் கை அன்னைக்குக் கடல்ல இழுக்கலைன்னா நான் ஏதுலே? கடல்ல இழுக்கணும், மெம்பர் வீட்டுல இழுக்கப்படாதுன்னு கைக்கு எப்படிலே தெரியும்?" நீ கேட்டாயா? நம் இருவரில் செவிடன் நானா நீயா? இனிக் கயிற்றைத் தொடமாட்டேன் என்றாய், தொடவே இல்லை. அக்காள் வீட்டு அரிசி என்னால்தான் போயிற்று என்று தோணிகளில் மூட்டை தூக்கப் போனாய். உன் நெஞ்சு சின்னப் பிள்ளையிலிருந்தே இளைப்பு நெஞ்சு. இரண்டு வீட்டு அடுப்புக்கும் அந்த ஒரு முதுகு. மழையில் நனைந்த மூட்டை உலர்ந்த மூட்டையைவிட எவ்வளவு கனக்கும் என்று எனக்குத் தெரியாதா? போகாதே என்று வாசலை மறித்தும் பார்த்தேன். நீ குனிந்து என் கைக்குக் கீழே புகுந்து போனாய். அந்த மழையோடு படுத்தவன்தான்.

மச்சான், கடைசி ராத்திரி நீ ஏதோ சொன்னாய். காய்ச்சலில் உன் உதடு வெடித்து ஒட்டியிருந்தது, என்னால் படிக்க முடியவில்லை. ரோசம்மாளைக் கேட்டேன், ஒன்றுமில்லை, தண்ணீர் கேட்டான் என்கிறாள். தண்ணீர்தான் கேட்டாயா?

சரி, சேதிக்கு வருகிறேன்.

உன் முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் செல்லக்கனி வந்து நின்றாள். அவளுக்கு வாய் நிறைய ஆத்தூர் வெற்றிலை எப்போதும் இருக்கும், அவள் உதட்டைப் படிப்பது பெரும்பாடு. துப்பிட்டுப் பேசு தாயே என்றேன். துப்பிவிட்டுச் சொன்னாள்: "அண்ணாச்சி, லாசரு போயிட்டான்னா அரிசியும் போவணுமா? மெம்பரு ஊருக்கு வந்திருக்காரு. வாரியளா, நான் மட்டும் தட்டித் தடவிப் போவட்டா?" என் தோளை அவள் பிடித்துக்கொள்ள, இரண்டு பேரும் நடந்தோம். மணிக்கட்டில் ஒன்றும் இல்லை. கை எடையே இல்லாமல் தொங்குகிற மாதிரி இருந்தது.

அதே அறை, அதே நாற்காலி. மெம்பர் மடியில் ஒரு பூனை படுத்திருந்தது. பேச ஆரம்பித்தேன். கத்தினேனோ முனகினேனோ, சொல்ல ஆள் இல்லை. பாதியில் மெம்பரின் கண் என்னைத் தாண்டி எங்கோ போயிற்று. மறுகணம் பூனை துள்ளி ஓடியது. செல்லக்கனி இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது, பின்னால் மணி அடிக்கிறார்கள்.

நான் திரும்பவில்லை. திரும்பக்கூடாது என்று இல்லை. இழுப்பு வரவில்லை, அதனால் திரும்பவில்லை. அந்த நேரத்திலும் என் மணிக்கட்டு உனக்காகக் காத்துக்கொண்டிருந்தது மச்சான். இப்போது இழுப்பான், இதோ இழுப்பான் என்று.

ஆபீசர் மணியோடு முன்னால் வந்து, கேட்கவில்லைதான் என்று தலையை ஆட்டினார். மெம்பர் எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த வாரத்திலிருந்து செவிட்டு ஆட்களுக்கு அரிசி உண்டு என்று முடிவாயிற்று. நான் விடவில்லை. "ஐயா, போன தடவையும் எனக்குக் காது கேக்கலை. என் மச்சான் கை இழுத்துச்சு. அவன் கள்ளன் இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லணும்" என்றேன். அவர் உதடு தெளிவாகவே அசைந்தது: அது போகட்டும், விடுங்கள் என்றார். "அது போகாது ஐயா, அவன்தான் போயிட்டான்" என்றேன். கத்தித்தான் சொல்லியிருப்பேன் போல, வாசலில் நின்றவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். மெம்பர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இப்படியாக அரிசி வந்தது. நீ இருந்தபோது நான் செவிடன் என்று ஒருவரும் நம்பவில்லை. நீ இல்லாததுதான் சாட்சி சொன்னது. முதல் வாரத்து அரிசியை உன் அக்காள் குசினியில் பொங்கி இறக்கினாள். இரண்டு பேரும் சோற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கடைசியில் சாப்பிட்டோம், பசிக்கு வெட்கம் ஏது?

செல்லக்கனிக்கு இன்னும் பாதி அரிசிதான். கண் தெரியாதவள் எப்படிக் கிட்டங்கிக்கு வழி கண்டுபிடித்து வருகிறாள் என்று இப்போது அவளைக் கேட்கிறார்களாம். என் தோளைப் பிடித்து வருகிறாள், வேறெப்படி? அதற்கும் ஒரு நாள் மணி மாதிரி ஏதாவது கொண்டுவருவார்கள்.

அதனால் வருகிற மாதம் மறுபடியும் போகிறோம். இந்தத் தடவை உன் கயிற்றை எடுத்துப் போகிறேன். வீட்டில் ஆணியில்தான் தொங்குகிறது, உன் உள்ளங்கை பட்டுப் பட்டு அந்த முனை மட்டும் வழுவழுவென்று இருக்கிறது. துண்டு போட்டு மூடமாட்டேன், உன் அக்காளிடமும் சொல்லிவிட்டேன். கீழ்முனை என் மணிக்கட்டில், மேல்முனை செல்லக்கனியின் கையில். அவளுக்கு நான் கண், எனக்கு அவள் காது. அவர்கள் தாராளமாக மணி அடிக்கட்டும். அவள் இழுப்பாள், எல்லோரும் பார்க்க நான் திரும்புவேன். திரும்பிச் சொல்வேன்: பாருங்க ஐயா, நாங்க கேக்குறது இப்படித்தான், என் மச்சான் லாசரும் இதைத்தான் செஞ்சான். அரிசி போனாலும் போகட்டும். அதை அந்த அறையில் சொல்லாமல் உன் கல்லறைப் பக்கம் அடுத்த மெழுகுவர்த்தி கொண்டுவரமாட்டேன். இது சத்தியம்.

கயிற்றின் கீழ்முனையில் இன்னும் காத்திருக்கும்,
உன் அக்காள் புருஷன்
சவரிமுத்து