செவ்வந்திக்குப் போட்ட இரண்டு பேணி

மச்சான்,

இன்றைக்கு ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் இருக்கிற தமிழ்க் கடைக்குப் பார்லி வாங்கப் போனேன். டாக்குத்தர் கஞ்சி குடிக்கச் சொல்லிவிட்டார். கடைக்காரத் தம்பி மூட்டையை அவிழ்த்துத் தகரப் பேணியால் அள்ளினான். அந்த மணம் மூக்கில் ஏறியதுதான் தாமதம், நீயும் செவ்வந்தியும் முன்னால் வந்து நின்றீர்கள்.

எண்பதுகளில் பாரிஸ் லாச்சப்பலில் ஆறு பேர் படுத்த அறையிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் லிமோஸ் பக்கத்து மாட்டுப் பண்ணைக்கு வேலைக்குப் போனோமே. இறைச்சிக்கு வளர்க்கிற மாடுகள். வயது போன தாய்மாடுகளின் இடத்துக்கு இன்னும் கன்று போடாத நல்ல நாகுகளாகப் பார்த்துத் தெரிவு செய்து வளர்ப்பார்கள். மற்றதெல்லாம் வெட்டுக்கு லொறியில் ஏறும். மாட்டிறைச்சி தொடாத நீ, பண்ணை முதலாளி பத்ரோன் கழித்துவிட்ட ஒரு செம்பட்டை நாகுக்காக அவனிடம் மன்றாடினாய். அடுத்த மாரிக்குள் சினைப்பட்டால் நிற்கட்டும் என்று அந்த மனுசனும் இரங்கினான். நீ அதற்குச் செவ்வந்தி என்று பேர் வைத்தாய்.

"ஒரு நாளைக்கு ஒரு சின்ன வாளி பார்லிதான், அதுவும் தலைதட்டி. கொழுத்தால் சினை நிக்காதாம்" என்றாய்.

"போடா, அது வெள்ளைக்காரன்ரை கஞ்சத்தனம்" என்று சிரித்தேன். நீ தண்ணீர் எடுக்கப் போகிற நேரம் பார்த்துத் தினமும் இரண்டு பேணி கூடப் போட்டேன். உனக்குச் சொல்லவில்லை. அவள் மினுங்கத் தொடங்கினாள். "பாத்தியே, என்ரை கைராசி!" என்று முதுகைத் தடவுவாய். எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான்.

மாரி வந்ததும் மாட்டு வைத்தியர் கையை விட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். சினை இல்லை, கொழுப்புத்தான் என்றார். யார் இழுத்தும் லொறியில் ஏறாதவள், நீ கயிற்றைப் பிடித்ததும் உன் பின்னாலேயே ஏறினாள். ஐயோ, அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

பாரிசுக்குத் திரும்பும் ரயிலில் கேட்டாய்: "எங்கை மச்சான் பிழைவிட்டனான்? அளந்துதானே போட்டனான்?"

"விதியடா" என்றேன்.

பிறகு பாரிசுக்கு வெளியே கார்ஜில் உன் வீட்டில் எத்தனை தரம் சாப்பிட்டிருப்பேன். உலைக்கு அரிசி அளக்கும்போதெல்லாம் விரலால் தலைதட்டி, ஒருதரம் குனிந்தும் பார்ப்பாய். "இந்தாள் சரியான கஞ்சன்" என்று உன் மனுசி பகிடி பண்ணுவாள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன், வெட்கமில்லாமல்.

நீ போய், உன் முப்பத்தோராம் நாள் காரியமும் முடிந்துவிட்டது. இன்றைக்குப் பார்லியை அள்ளிப் போட்டுவிட்டு, "இவ்வளவு காணுமோ ஐயா?" என்று கடைத்தம்பி கேட்டான். காணும், போதும் என்று பொதியை வாங்கிக்கொண்டு வந்து, இதை எழுதுகிறேன்.

உன்ரை அளவு சரியாத்தான் இருந்தது மச்சான்.