மூன்றாவது ஆள்

மார்ச் 4

அன்புள்ள அண்ணா,

இன்று நான் சொல்லாத ஒன்றை முதலில் எழுதிவிடுகிறேன். வீட்டு வசதி வாரியத்திலிருந்து வீடு பார்க்க வந்த அதிகாரி, "உங்க அண்ணன் இங்கதானே இருக்கார்?" என்று என்னைக் கேட்டார். நீ கல்யாணமாகி வேறு ஊர் போய் ஒன்பது வருஷமாகிறது என்று நான் சொல்லவில்லை.

அம்மா முந்திக்கொண்டாள். "வேலைக்குப் போயிருக்கான் சார். வர்றதுக்கு ஏழாயிடும்." அவள் சொன்ன தோரணையில் எனக்கே நீ வந்துவிடுவாய் என்று தோன்றியது.

குளியலறையில் மூன்று பிரஷ். கொடியில் உன் நீலச் சட்டை. யாரும் போடாத அதை ஞாயிறுதோறும் துவைத்துத் துவைத்தே வெளுக்க வைத்துவிட்டேன். "ஆளு ரொம்ப ஒல்லியோ?" என்றார் அதிகாரி. "சரியாவே சாப்பிட மாட்டான் சார்" என்றாள் அம்மா. நீ இப்போது இருக்கும் சுற்றளவை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மூன்று பேருக்கு இரண்டு அறை, இரண்டு பேருக்கு ஒன்று என்பது விதி. அதற்காகத்தான் உன் பெயரைப் பதிவேட்டில் விட்டு வைத்தோம். இப்போது பத்து வருஷம் குடியிருந்தவர்களுக்கே வீட்டை விற்கிறார்களாம். அம்மா பெயரிலும் என் பெயரிலும் மனு போடட்டுமா? வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் கேட்டேன், கடனுக்குச் சம்பளச் சான்று தருகிறார்கள்.

போனில் பேசினால் அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்கிறாள். அதனால்தான் உன் அலுவலகத்துக்கு எழுதுகிறேன்.

தங்கை

*

மார்ச் 11

என் கண்ணாடிக்கடை முதலாளியம்மாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். அண்ணியும் சிரித்தாள். அவள்தான் என்னை உப்ப வைத்தவள்.

மனுவை நான் போன மாதமே போட்டுவிட்டேன். அதற்காகத்தான் அந்த ஆள் பார்க்க வந்தார். அம்மா சொல்லவில்லையா? இரண்டு பெயர்தான் சேர்க்கலாம். அம்மாவும் நானும். நீ வாயைத் திறக்காமல் இருந்தது புத்திசாலித்தனம்.

நீ நாளைக்கே கல்யாணமாகிப் போகிறவள். உனக்கெதற்கு இந்தத் தலைவலி? ஐந்து வருஷத்துக்கு விற்க முடியாது. அதற்குப் பிறகு விற்றுவிட்டு அம்மாவை இங்கே அழைத்துக்கொள்கிறேன். அதுவரை நீயும் தாராளமாக இருக்கலாம்.

அன்புடன்
அண்ணன்

*

மார்ச் 19

அண்ணா,

அம்மாவிடம் கேட்டேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"யார் பேர்ல இருந்தா என்னடி? வீடு எங்கயும் ஓடிப் போயிடுமா?"

"அப்போ என் பேர்ல இருக்கட்டுமே."

"நீ வெளிய போற பொண்ணு."

"நாலு வருஷத்துக்கு முன்னாடி போறேன்னு சொன்னேனேம்மா. விட்டியா?"

வெளியூரில் திறந்த கடையின் புதுக் கிளையைப் பார்த்துக்கொள்ள என்னைக் கேட்டார்களே, நினைவிருக்கிறதா? நான் போனால் இங்கே அம்மா மட்டும்தான் மிஞ்சுவாள், யாராவது வந்து பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று நீதான் சொன்னாய். இருந்துவிட்டேன். வீட்டைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு உன் இடத்தைக் காத்து வந்திருக்கிறேன். நீ இங்கே இல்லை என்று சொன்னால் வீடு போகும். சொல்லாவிட்டால் அது உன்னுடையது. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான்.

நானும் யோக்கியமில்லை. கடையில் லென்ஸ் பொருத்தும் அக்கா எட்டு வருஷமாக வாரியத்தின் காத்திருப்புப் பட்டியலில் இருக்கிறாள். ஒரே அறையில் ஐந்து பேர். "உங்க வீட்ல எத்தனை பேரு?" என்று ஒருநாள் கேட்டாள். மூன்று என்றேன். "பாவம், உங்களுக்கும் நெருக்கடிதான்" என்றாள். அன்று முழுக்க அவள் முகத்தைப் பார்க்காமல் பில் போட்டேன்.

மனுவைத் திரும்ப வாங்கிக்கொள். நீயாகவே உன் பெயரை நீக்கிக்கொள். உன்னிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை.

தங்கை

*

மார்ச் 27

அன்புத் தங்கைக்கு,

புத்தகம் படித்துப் படித்து நீ எல்லாவற்றையும் பெரிதாக்குகிறாய். எட்டு வருஷம் காத்திருக்கிறவளுக்காக நாம் தெருவுக்குப் போக முடியுமா? நம் வீட்டை அவளுக்கா கொடுக்கப் போகிறார்கள்?

ஏப்ரல் 12, காலை பத்து மணிக்கு வாரிய அலுவலகம். நானும் வருகிறேன். பதிவேட்டில் இருக்கிற மூவரும் கையெழுத்துப் போட வேண்டும். அம்மாவைப் பத்திரமாக அழைத்து வா. உனக்கு என்ன வாங்கி வரட்டும்? அண்ணி ஒரு கைப்பை எடுத்து வைத்திருக்கிறாள்.

அண்ணன்

*

ஆகஸ்ட் 2

அண்ணா,

ஏப்ரலில் வாரிய அலுவலகத்திலிருந்து நீ எழுந்து போன பிறகு நான் எழுதும் மூன்றாவது கடிதம் இது. முதல் இரண்டும் கிடைத்திருக்கும்.

நான் திட்டம் போட்டு வரவில்லை. பேனாவைக்கூடக் கையில் எடுத்துவிட்டேன். அங்கிருந்த அதிகாரியம்மாள் தாளைத் திருப்பி, "அண்ணன் உங்ககூடத்தான் இருக்கார்னு இங்க ஒரு வரி எழுதுங்க" என்றார். பேசாமல் இருப்பது எனக்குப் பழக்கம். என் கையெழுத்தில் எழுத முடியவில்லை. "இல்லைங்க, அவர் ஒன்பது வருஷமா இங்க இல்ல" என்றேன். அடுத்த மேசைக்காரர் டீயைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார். உன் பக்கம் நான் திரும்பவில்லை.

பொய் சொன்னதற்காக நம் பெயரை வீடு வாங்கும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். வெளியே அனுப்பவில்லை. அம்மாவின் வயதைப் பார்த்து, பின்பக்கக் கட்டடத்தில் ஒற்றை அறை கொடுத்தார்கள். ஜூன் 3 அன்று மாறினோம். ஜன்னலைத் திறந்தால் தண்ணீர்த் தொட்டியின் சுவர். புதுக் கிளைக்கு வேறு ஆள் எப்போதோ போய்விட்டார்.

நம் வீட்டில் ஆறு பேர் கொண்ட ஒரு குடும்பம் குடிவந்திருக்கிறது. லென்ஸ் அக்கா இல்லை. அவள் பட்டியலில் இன்னும் நாற்பத்தொன்றாவது ஆள்.

அம்மா நலம். என்னோடு பேசுவதில்லை.

தங்கை