பச்சைப் பட்டன்

மார்ச் 4, செவ்வாய்
இன்று ஆபீஸில் எனக்காகக் கை தட்டினார்கள். பெங்களூர் வைட்ஃபீல்டுக்கு வேலைக்கு வந்து ஆறு வருடத்தில் முதல்முறை. தொழிற்சாலைகளில் தொழிலாளிகள் தங்கள் போனிலேயே வருகை பதியும் ஆப் எங்களுடையது. அதில் ‘என் இருப்பிடத்தை எப்போதும் பகிரச் சம்மதம்’ என்று கேட்கும் திரையை வடிவமைத்தவள் நான். நூற்றில் தொண்ணூற்றாறு பேர் சம்மதித்திருக்கிறார்கள். “வேற எந்த டீமும் எழுபதைத் தாண்டல, பெர்னி” என்றார் மேனேஜர் ஷ்ரேயாஸ்.

பெரிய பச்சைப் பட்டன். அதன் அடியில் வெளிர்சாம்பலில் சின்னதாக ‘பிறகு’. அதை அழுத்தினால் மறுநாள் காலை அதே திரை மறுபடி வரும். அந்த யோசனையும் என்னுடையதே. என் கணவன் க்ளெனிடம் மூன்று தடவை சொல்லிவிட்டேன். மூன்றாம் தடவை, “கல்யாணத்தன்னைக்குக்கூட இவ்வளவு சந்தோஷமா இல்ல நீ” என்றான்.

மார்ச் 12, புதன்
நாளை பீன்யா தொழிற்பேட்டை. ஆப்பை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று நேரில் பார்த்து வர வேண்டும். நானே கேட்டு வாங்கிக்கொண்ட வேலை.

மார்ச் 13, வியாழன்
காலை ஷிப்ட். தொழிற்சாலை கேட்டில் வரிசை. ஆப்பின் புதிய பதிப்பு இறங்கியதால் எல்லார் போனிலும் சம்மதத் திரை மறுபடி வந்திருந்தது. முப்பது பேரையாவது பார்த்திருப்பேன், ஒருவர்கூடத் திரையைப் படிக்கவில்லை. விரல் நேராகப் பச்சைக்குப் போகிறது. நான் நினைத்தபடியே. பெருமையாகத்தான் இருந்தது — டீ பிரேக் வரை.

மமதா என்பவரிடம் பேசினேன். பேக்கிங் பகுதியில் வேலை. கன்னடத்தில் தொடங்கியவர், நான் தமிழ் என்று தெரிந்ததும் தமிழுக்கு மாறினார். பச்சைப் பட்டன் எதற்கு என்று கேட்டேன்.

“ஹாஜரி போட. அத அழுத்துனாதான் ஹாஜரி விழும்.” வருகைப் பதிவைத்தான் ஹாஜரி என்கிறார்.

“கீழ சாம்பல் கலர்ல ஒன்னு இருக்கே?”

என் போனில் அந்தத் திரையைக் காட்டினேன். வாங்கிக் கண்ணருகே கொண்டுபோனார். “ஓ, இதுவா. கம்பெனி பேருன்னு நெனச்சேன்.”

பிறகு அவராகவே ஒன்று சொன்னார். நாலு மாதம் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேறொரு கம்பெனிக்கு இன்டர்வியூ போயிருக்கிறார். கூட வேலை செய்யும் லீனாவுக்கு மட்டும்தான் தெரியும். திங்கட்கிழமை சூப்பர்வைசர் கேட்டாராம், “நேத்து அந்த கேட்டுல உனக்கு என்ன வேல?”

“லீனாதான் போட்டுக் குடுத்துட்டா. எட்டு வருசம் ஒரே டப்பால சாப்ட்டோம், மேடம். இப்ப மூஞ்சி பாக்கறதில்ல.”

லீனா சொல்லவில்லை. போன் சொன்னது. எனக்கு அந்த நிமிடமே தெரியும். தெரிந்தும் தேங்க்ஸ் சொல்லிவிட்டு மெட்ரோ ஏறி வந்துவிட்டேன். எப்படி வந்தேன்?

மார்ச் 14, வெள்ளி
எட்டு வருசம் ஒரே டப்பா.

மார்ச் 16, ஞாயிறு
சர்ச்சில் பூசை முடிந்ததும், ஃபாதரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றேன். முன்னால் நாலு பேர் இருக்கும்போது வெளியே வந்துவிட்டேன். கோயில் வாசலிலேயே க்ளெனிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“ஃபாதர் மன்னிச்சிடுவாரு. அந்த லீனா?”

அவ்வளவுதான் கேட்டான்.

மார்ச் 17, திங்கள்
லீவு போட்டுவிட்டு மறுபடி பீன்யா. மமதாவைக் கேட்டுக்கு வரச் சொல்லி அனுப்பினேன்.

“லீனா சொல்லல. உங்க போன்லருந்துதான் போயிருக்கு. அந்தப் பட்டனைச் செஞ்சது நான்.”

கையிலிருந்த போனைத் திருப்பிப் பார்த்தார். “ஞாயித்துக்கெழமகூடவா?”

“எப்பவும்.”

“படிச்சவங்கதான மேடம் நீங்க.”

அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். என் நம்பரை எழுதிக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். கேட்டிலிருந்தே பேக்கிங் பகுதி தெரிந்தது; உள்ளே போனவர் தன் மேசைக்குப் போகவில்லை. அடுத்த வரிசைக்கு நேராக நடந்தார். அங்கே ஒரு பெண் தலை நிமிர்ந்தாள். அதற்கு மேல் பார்க்க எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது. திரும்பிவிட்டேன்.

மார்ச் 20, வியாழன்
புதிய திரையை ஷ்ரேயாஸிடம் காட்டினேன். கன்னடம், தமிழ், இந்தி மூன்றிலும். ‘வேலை நேரத்துக்குப் பிறகும் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று நிர்வாகம் பார்க்கலாமா?’ பார்க்கலாம், வேண்டாம் — இரண்டும் ஒரே அளவு, ஒரே நிறம். வேண்டாம் என்றாலும் ஹாஜரி விழும் என்று கீழே பெரிதாக.

“இப்படிக் கேட்டா யாரு ஓகே சொல்லுவாங்க?”

“அப்ப இதுவரைக்கும் யாருமே ஓகே சொல்லல, ஷ்ரேயாஸ்.”

நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “கிளையன்ட்டுகிட்ட நீயே பேசு” என்றார். பேசுகிறேன்.

ஏப்ரல் 9, புதன்
பீன்யா தொழிற்சாலையின் எச்.ஆர். தலைவர் நாகேஷ் வந்திருந்தார். ஸ்லைடு எதுவும் போடவில்லை. பழைய ஆப்பை அவர் போனில் ஏற்றி, ஹாஜரி போடுங்கள் சார் என்றேன். ஒரு நொடியில் பச்சையை அழுத்தினார்.

“எதுக்குச் சம்மதம் குடுத்தீங்க சார்?”

“அட்டென்டன்ஸுக்கு.”

“இல்ல சார். இந்த ஞாயித்துக்கிழமை நீங்க எங்க போனாலும் நாங்க பாக்கலாம்.”

போனைக் கவிழ்த்து வைத்தார். அறையில் யாரும் சிரிக்கவில்லை. “ஆப்பை முதல்ல இதுலருந்து எடுங்க” என்றார். பிறகு, புதிய திரைக்குச் சரி என்றார். என் குரல் ஒரு தடவைகூட நடுங்கவில்லை. இதை எழுதி வைக்க வேண்டும் என்று பஸ்ஸிலேயே நினைத்துக்கொண்டேன்.

மே 6, செவ்வாய்
பழைய சம்மதங்களை எல்லாம் அழித்துவிட்டு, எல்லாரிடமும் புதிதாகக் கேட்டோம். நூற்றில் பதினொன்று. மீட்டிங்கில் அந்த எண் திரையில் வந்தபோது யாரும் கை தட்டவில்லை.

மத்தியானம் மமதாவிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ். “மேடம், நானும் லீனாவும் படிச்சுப் பாத்துட்டு வேணாம்னு அழுத்தினோம். ஹாஜரி விழுந்துச்சு.” பின்னால் இன்னொரு பெண் ஏதோ சொல்லிச் சிரிக்கும் சத்தம். நாலு தடவை கேட்டேன்.

ஜூன் 13, வெள்ளி
வருடாந்திர மதிப்பீடு. சம்மத இலக்கு தொண்ணூறு, எட்டியது பதினொன்று, ‘எதிர்பார்ப்புக்குக் கீழே’. ஷ்ரேயாஸ் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. “ஃபார்ம்ல அப்படித்தான் வருது, பெர்னி. ஆட்சேபம் இருந்தா எழுத கீழ இடம் இருக்கு.”

பேனாவை எடுத்து எழுதினேன்: ‘ஆட்சேபம் இல்லை. பதினொன்று என்பது சரியான எண்.’

வழக்கமான கிறுக்கல் கையெழுத்து போடவில்லை. பெர்னதெத் தியோடர் என்று முழுப் பெயரையும் எழுதினேன்.